கார் இல்லாமல் கழிமுக நடை: ரயில் அட்டவணையும் ஓத அட்டவணையும்

கேட்டவர் படிப்பதற்காக லண்டன் வந்து சில மாதங்களே ஆனவர். தம்மிடம் கார் இல்லை என்கிறார். வார இறுதியில் ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, வயல்வெளி வழியாகவோ கழிமுகக் கரை வழியாகவோ நடந்து, வேறொரு நிலையத்தில் ரயிலேறித் திரும்ப முடியுமா, முடியுமானால் எங்கிருந்து தொடங்குவது, கழிமுகத்தில் கடல்நீர் திடீரென ஏறிச் சூழ்ந்துகொள்ளும் என்று சொல்கிறார்களே, அதில் எவ்வளவு உண்மை என்பவை அவருடைய கேள்விகள். முன்பின் தெரியாத ஓரிடத்தில் முன்னே போக வழியில்லாமலோ திரும்பி வர வண்டியில்லாமலோ மாட்டிக்கொள்ளாதிருக்க என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் கடலோரப் பொறியியல் படித்தவன். ஓதக் கணக்கு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் கணக்கு, நெடுங்காலம் என் வேலையின் ஒரு பகுதியாக இருந்தது. ஒரு சிறு நடைக்குழுவுக்கு வழி வகுத்துத் தருவதையும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடப்பவருக்கு வேறு வகையான, இன்னும் விரிந்த உரிமையைத் தருவதால் அதை இதோடு கலக்கவில்லை.

முடியுமா என்றால், தாராளமாக முடியும். ரயில்பாதை அமைத்த பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொறியாளர்களுக்கு ஏற்ற இறக்கமில்லாத தரை தேவைப்பட்டது. மலைப்பாங்கான கடற்கரைப் பகுதிகளில் அப்படிப்பட்ட தரை ஆற்றின் கழிமுகத்தை ஒட்டியே கிடைத்தது. அதனால்தான் டெவனில் எக்ஸ் ஆற்றின் மேற்குக் கரையில் பொறியாளர் புரூனல் அமைத்து 1846இல் திறக்கப்பட்ட பாதையும், கிழக்குக் கரையில் 1861இல் வந்த எக்ஸ்மத் கிளைப்பாதையும் தண்ணீர் விளிம்பிலேயே போகின்றன. கிழக்கே ஸ்டூர் கழிமுகத்தின் தென்கரையில் மானிங்ட்ரீயிலிருந்து ஹாரிச் வரையும், வடமேற்கே மோர்கம் விரிகுடாவைச் சுற்றியும், வேல்ஸின் மேற்குக் கரையிலும் இதே காட்சிதான். கார் வைத்திருப்பவர் நிறுத்திய இடத்துக்கே திரும்பி வர வேண்டும் என்பதால் வட்டமாக நடக்கிறார். பாதி நேரம் கழிமுகத்தை விட்டு விலகித் தார்ச்சாலையில் போகிறது. ரயிலில் வருபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கழிமுகம் நீளவாக்கில் நடக்க வேண்டிய நிலம் என்பதால், கார் இல்லாததை நான் ஒரு குறையாகவே எண்ணுவதில்லை.

நடக்கும் உரிமையைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காச் சட்டம் தொடங்கிவைத்த முறைப்படி ஒவ்வொரு பகுதியின் கவுன்சிலும் தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகளைச் சட்ட வரைபடமாக வைத்திருக்க வேண்டும். அதில் பதிவான பொது நடைபாதை தனியார் வயலின் நடுவே போனாலும் அதில் நடப்பது உங்கள் உரிமை. கம்பங்களில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவருக்கு மட்டுமான வழி. நீல அம்பு என்றால் குதிரைக்கும் மிதிவண்டிக்கும்கூட உரியது. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் இவ்வழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். அதே வரைபடத்தில் மெல்லிய கருப்புக் கோடாகத் தெரியும் பாதை தரையில் இருக்கலாம், ஆனால் அதில் போக உங்களுக்கு உரிமை உண்டு என்று அந்தக் கோடு சொல்லவில்லை. புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இதற்கு மேல் 2009ஆம் ஆண்டின் கடல் மற்றும் கடலோர அணுகல் சட்டத்தின்படி இங்கிலாந்தைச் சுற்றிக் கடற்கரை நடைவழி அமைக்கப்பட்டு வருகிறது. வேல்ஸ் தன் சுமார் 1,400 கி.மீ. கடற்கரை வழியை 2012லேயே திறந்துவிட்டது. இங்கிலாந்தின் சட்டத்தில் கழிமுகத்துக்கென்று ஒரு தனி ஏற்பாடு இருக்கிறது: ஆற்றைக் கால்நடையாகக் கடக்கக்கூடிய முதல் பாலம் வரைக்கும் வழியை உள்நோக்கி வளைத்துக் கொண்டுபோகலாமா, அல்லது படகுத்துறையோடு நிறுத்தலாமா என்பது அந்தந்த இடத்தில் முடிவு செய்யப்படும். ஆகவே வரைபடத்தில் எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது என்பதற்காக அங்கே போய்விடலாம் என்று கணக்குப் போடக்கூடாது. ரயில் பாலத்தின் மேல் கால்நடைப் பாதையும் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே பார்க்க வேண்டும்: வேல்ஸில் பார்மத் பாலத்தில் இருக்கிறது, கென்ட் ஆற்றின் மேலுள்ள ஆர்ன்சைட் பாலத்தில் இல்லை. இருப்புப்பாதையில் ஏறி நடப்பது குற்றம் என்பதோடு உயிருக்கும் ஆபத்து.

அடுத்தது, எந்தத் திசையில் நடப்பது. வெயில் முகத்தில் அடிக்காதபடி, காற்று முதுகில் இருக்கும்படி என்றெல்லாம் அறிவுரை கேட்டிருப்பீர்கள். அவை தவறில்லை, ஆனால் ரயிலில் வருபவருக்கு அவை இரண்டாம்பட்சம். இரு முனை நிலையங்களில் எதில் ரயில் குறைவாக வருகிறதோ அதில் தொடங்கி, எதில் அடிக்கடி வருகிறதோ அதில் முடிக்க வேண்டும். காலையில் நீங்கள் அட்டவணைப்படி வருகிறீர்கள். மாலையில் சேறும் காற்றும் கால்வலியும் சொல்கிறபடிதான் வருவீர்கள். இதற்கு நாரிச்சுக்குக் கிழக்கே உள்ள பெர்னி ஆர்ம்ஸ் நிலையத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1844இல் திறக்கப்பட்ட பாதையில், நிலத்தை விற்ற பெர்னி என்பவர் அங்கே ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்ததால் உண்டான நிலையம் அது. பொதுச்சாலை எதுவும் அதற்குக் கிடையாது. சுற்றிலும் மேய்ச்சல் சதுப்பு, எட்டத்தில் உயரமான ஒரு காற்றாலை, ஓரிரு பெட்டிகளுக்கு மேல் நிற்க இடமில்லாத ஒரு நடைமேடை. நாளொன்றுக்கு அங்கே நிற்கும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே இறங்கி, யேர் ஆறும் வேவ்னி ஆறும் சேர்ந்து விரியும் பிரெய்டன் வாட்டர் கழிமுகத்தின் வடகரை வழியே சுமார் 8 கி.மீ. கிழக்கே நடந்தால் கிரேட் யார்மத் நிலையத்தின் அருகிலேயே வந்து சேர்வீர்கள். அங்கிருந்து நாரிச்சுக்கு ரயில் கிடைப்பது எளிது. இதையே தலைகீழாக நடந்து, கடைசி ரயிலைப் பத்து நிமிடத்தில் தவறவிட்டால், இருட்டுவதற்குள் வந்த வழியே திரும்பி நடப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாடகைக் காரைக் கூப்பிட்டாலும் அது வருவதற்குச் சாலை இருக்காது. வேல்ஸில் டவி கழிமுகத்தின் தலைப்பில் இருக்கும் டவி ஜங்ஷனும் இதே இனம். இரண்டு பாதைகள் பிரியும் சந்திப்பாக இருந்தும் அதற்குச் சாலை இல்லை, ஒரு தடம்தான் இருக்கிறது.

பெர்னி ஆர்ம்ஸ் போன்றவை வேண்டினால் மட்டும் நிற்கும் நிலையங்கள். இறங்க வேண்டுமானால் முந்தைய பெரிய நிலையத்தைத் தாண்டுவதற்குள் கார்டைத் தேடிப் போய்ச் சொல்லிவிட வேண்டும். நடைமேடை சிறியது என்றால் எந்தப் பெட்டியின் கதவு திறக்கும் என்பதையும் அவரே சொல்வார். ஏற வேண்டுமானால் ஓட்டுநர் பார்க்கும்படி நடைமேடையில் நன்றாகத் தெரியும் இடத்தில் நின்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். மறைப்புக் கூரைக்குள் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் ரயில் நிற்காமலே போய்விடும். அந்தி நேரத்தில் நான் கைபேசி விளக்கை எரியவிட்டுக் கையில் பிடித்துக்கொள்வது வழக்கம்.

இனி ஓதம். கேள்வியின் கனமான பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுதியாகத் தெரிந்தவற்றை முதலில் வைக்கிறேன். பிரிட்டனின் கரைகளில் பெரும்பாலும் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறி, இரண்டு முறை வற்றும். ஒரு உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். எனவே இன்றைக்கு உச்சம் காலை 10 மணிக்கு என்றால் நாளைக்கு 10.50 வாக்கில் இருக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து ஏற்றமும் பெரிதாக இருக்கும், வற்றமும் ஆழமாக இருக்கும். அஷ்டமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து இரண்டும் சுருங்கிவிடும். மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி வரும் பெரிய ஓதங்களே ஆண்டின் மிகப் பெரியவை. செவர்ன் கழிமுகத்தின் மேற்பகுதியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு பெரிய ஓத நாட்களில் 14 மீட்டரை நெருங்கும். தேம்ஸ் முகத்தில் அது 5 மீட்டர் அளவு. நம் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் திதி பார்க்கத் தெரிந்தவர், ஓதம் பெரிதா சிறிதா என்பதை வேறு எதையும் பார்க்காமலே ஊகித்துவிடலாம்.

ஓதக் கணக்கில் நடப்பவருக்கு மிகவும் பயன்படும், ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. ஓர் இடத்தில் பெரிய ஓதத்தின் உச்சம் எப்போதும் கடிகாரத்தின் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் வரும். மோர்கம் விரிகுடாவில் அது நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டியது. தேம்ஸ் முகத்தில் நண்பகல் தாண்டிச் சற்று நேரத்தில். எக்ஸ்மத்திலோ காலை 7, மாலை 7 மணியை ஒட்டி. இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பௌர்ணமி கழிந்த சனிக்கிழமையன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மோர்கம் கரையில் நடப்பவருக்குத் தண்ணீர் புல் விளிம்பு வரை ஏறி நிற்கும். அதே நேரத்தில் எக்ஸ் கழிமுகத்தில் நடப்பவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்று வெளியாக இருக்கும். ஒரு கழிமுகத்தில் கற்ற பழக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே கொண்டுபோனால் கணக்கு முழுதாகத் தலைகீழாகிவிடும்.

ஏறும் வேகத்துக்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு. ஏறும் ஆறு மணி நேரத்தில், மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 என்று நீர் உயரும். 5 மீட்டர் ஓதம் என்றால் முதல் ஒரு மணி நேரத்தில் 40 செ.மீ. சொச்சம்தான் உயரும், மூன்றாவது மணி நேரத்தில் மட்டும் 1.25 மீட்டர். தண்ணீர் மெதுவாகத்தானே வருகிறது என்று முதல் மணி நேரத்தைப் பார்த்து முடிவுகட்டுபவர்கள் ஏமாறுவது இப்படித்தான். இந்தக் கணக்கும் திறந்த கடற்கரைக்கு உரியது. கழிமுகத்துக்குள் போகப் போக ஆழம் குறைவதாலும் ஆற்றுநீர் எதிர்த்து வருவதாலும் ஏறும் காலம் சுருங்கி, வற்றும் காலம் நீளும். ஆகவே உட்பகுதியில் ஏற்றம் தாமதமாகத் தொடங்கினாலும், தொடங்கிய பின் கணக்கு சொல்வதைவிட வேகமாக வரும். துறைமுகத்துக்கு அச்சிட்ட நேரத்தை, ஆற்றில் பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

அட்டவணை படிக்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. பல ஓத அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்திலேயே அச்சாகின்றன. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம் கடிகாரமும் ரயில் அட்டவணையும் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். அந்த ஒரு மணியைக் கூட்ட மறந்தால், உச்சம் நீங்கள் நினைத்ததைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வரும். தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது என்று நம்பி இறங்கும் இடத்தில் அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.

சந்தேகத்துக்குரியவை இனி. அச்சிட்ட ஓத உயரம் என்பது சூரியனையும் சந்திரனையும் வைத்துப் போட்ட கணக்கு. அதில் வானிலை கிடையாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும்; அதோடு கரைநோக்கிய பலத்த காற்றும் சேர்ந்துகொண்டால் அட்டவணையைத் தாண்டி எவ்வளவு ஏறும் என்பது அன்றன்றைய நிலைமையைப் பொறுத்தது. 1953ஆம் ஆண்டு ஜனவரி 31 இரவில் வட கடல் புயலால் கிழக்குக் கரையின் சில இடங்களில் நீர் கணக்கைவிட 2 மீட்டருக்கும் மேல் ஏறியது. இங்கிலாந்தில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். எசெக்ஸ், கென்ட் மாவட்டங்களில் இன்று நாம் நடக்கும் உயர்ந்த மண்கரைகளில் பெரும்பகுதி அதற்குப் பின் உயர்த்திக் கட்டப்பட்டவை. சாதாரணமான ஒரு சனிக்கிழமையில் இந்த வேறுபாடு சில பத்து சென்டிமீட்டர்களுக்குள் அடங்கும். ஆனால் தாழ்வான ஒரு நடைபாதை நனைவதற்கும் நனையாமல் இருப்பதற்கும் அதுவே போதும் என்பதால், உச்ச நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் தாழ்வான பாதையை ஒதுக்கிவைப்பதே என் பழக்கம். அந்த ஒன்றரை மணி என் அனுபவ அளவுதான், விதி அன்று.

அதைவிடப் பெரிய சந்தேகம் தரையைப் பற்றியது. கழிமுகத்து மணலிலும் சேற்றிலும் ஓடும் நீர்க்கால்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் காலடி பதியாத இடம் இந்த மாதம் இடுப்பளவு புதையலாம். எனவே சேற்று வெளியில் எந்த இடம் உறுதியானது என்று வரைபடத்தைப் பார்த்தோ பிறர் எழுதியதைப் படித்தோ சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். நீர் கடல் பக்கமிருந்து நேராக ஒரு கோடாக முன்னேறி வரும் என்று நினைப்பதும் தவறு. அது முதலில் தாழ்ந்த கால்களை நிரப்பும். அந்தக் கால்களில் ஒன்று பெரும்பாலும் உங்களுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும். முன்னால் மணல் காய்ந்து கிடக்கும்போதே பின்னால் வழி அடைபட்டுப் போவது இப்படித்தான்.

மோர்கம் விரிகுடாவில் 2004 பிப்ரவரி 5 இரவில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் இறந்தது இப்படி ஓதத்தில் சூழப்பட்டுத்தான். அதே விரிகுடாவைக் குறுக்கே நடந்து கடக்கும் வழி பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆர்ன்சைட்டில் தொடங்கி மணல்வெளியையும் கென்ட் ஆற்றின் நீர்க்காலையும் கடந்து கென்ட்ஸ் பேங்க் ஊரில் முடியும் அந்த நடையின் இரு முனைகளிலும் ரயில் நிலையம் இருப்பதால், கேட்டவரின் கண்ணில் அது கட்டாயம் படும். அரசரின் மணல் வழிகாட்டி என்ற பதவி அங்கே பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. 1963 முதல் 2019 வரை அதை வகித்தவர் செட்ரிக் ராபின்சன். வழிகாட்டி முன்னதாகவே போய்த் தரையைச் சோதித்து, குச்சி நட்டு வழியை அடையாளம் செய்த பிறகே கூட்டத்தை அழைத்துப் போகிறார். அவரோடு போங்கள், அருமையான நடை. அவர் இல்லாமல் ஒரு காலும் வைக்காதீர்கள். மணலில் இறங்காமலே அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டுமானால் சில்வர்டேல் நிலையத்தில் இறங்கி, சில நிமிட நடையில் இருக்கும் லெய்ட்டன் மாஸ் நாணல் சதுப்பைப் பார்த்துவிட்டு, 159 மீட்டர் உயரமுள்ள ஆர்ன்சைட் நாட் குன்றின் மேலேறி ஆர்ன்சைட் நிலையத்தில் இறங்கலாம். பெரிய ஓத நாட்களில் அங்கே நீர் ஏறுவதை எச்சரித்துச் சங்கு ஊதும். குன்றின் மேலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஏற்றம் எவ்வளவு வேகமானது என்பது விளங்கும்.

எச்சரிக்கையை மீறிச் சேற்றில் கால் புதைந்துவிட்டால், அந்தக் காலை இழுக்க மற்றக் காலில் பாரம் போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அதனால் இரண்டும் புதையும். பின்பக்கமாகச் சாய்ந்து உடல் பாரத்தைப் பரப்பி, புதைந்த காலை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து நீர் உள்ளே புக விட்டால்தான் பிடி தளரும். அதற்கு முன்பே 999ஐ அழைத்துக் கடலோரக் காவல் படை வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். காவல்துறை என்று கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம். உடன் வந்தவர் கிட்டே வந்து இழுக்க முயலக்கூடாது. இவ்வளவும் சொன்ன பிறகு, நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: மண்கரை மீதோ குறியிட்ட பாதையிலோ நடப்பவருக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லவே இல்லை. பாதையை விட்டுச் சேற்றில் இறங்குபவர்களுக்கும், குறுக்கு வழி தேடுபவர்களுக்கும் உரியது அது.

சரி, நல்ல கழிமுக நடைகள் எவை? முதல் முறை நடப்பவருக்கு நான் பார்க்கும் தகுதி அழகு அன்று. பாதையோடு சேர்ந்தே ரயிலும் போய், இடையில் நிலையங்கள் இருக்க வேண்டும் என்பதுதான். எக்ஸ் ஆற்றின் கிழக்குக் கரை அதற்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது: டாப்ஷம், எக்ஸ்டன், லிம்ப்ஸ்டன், எக்ஸ்மத் என்று நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன, நடப்பவருக்கும் மிதிவண்டிக்காரருக்கும் பொதுவான பாதை போட்டிருக்கிறார்கள். மழை பிடித்தால் அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். எதிர்க்கரையில் ஸ்டார்கிராஸ் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. அங்கிருந்து எக்ஸ்மத்துக்குப் படகு ஓடுவது வெயில் காலத்தில் மட்டும். அந்தக் கரையின் ரயில்பாதை கடலுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு, 2014 பிப்ரவரியில் டாலிஷில் அலை சுவரை உடைத்துத் தண்டவாளத்தை அந்தரத்தில் தொங்கவிட்டதே சாட்சி. ஏப்ரலில்தான் ரயில் மீண்டும் ஓடியது. ஸ்டூர் தென்கரையிலும் மானிங்ட்ரீக்கும் ஹாரிச்சுக்கும் நடுவே மிஸ்ட்லி, ராப்னெஸ் நிலையங்கள் உண்டு; எசெக்ஸ் வே என்னும் நெடுவழியின் கடைசிப் பகுதி அவ்வழியே போகிறது. வேல்ஸில் டொல்கெத்லாயிலிருந்து பார்மத் வரை மௌதாக் கழிமுகத்தை ஒட்டிய சுமார் 15 கி.மீ. தடம், 1960களின் நடுவில் மூடப்பட்ட ரயில்பாதையின் மேலேயே போடப்பட்டது. அதன் முடிவில் 1867இல் திறந்த பார்மத் மரப்பாலத்தை ரயிலுக்குப் பக்கத்திலேயே நடந்து கடக்கலாம். நேரமில்லாதவர் பாலத்தின் தென்முனையில் உள்ள மோர்வா மௌதாக் நிலையத்தில் இறங்கி, பாலத்தை மட்டும் நடந்து பார்மத்தில் ரயிலேறலாம். ஆனால் லண்டனிலிருந்து அது ஒரே நாளில் போய்வரும் தூரம் அல்ல.

பருவத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பறவைகளுக்காகக் கழிமுகம் போவதானால் அக்டோபர் முதல் மார்ச் வரை போக வேண்டும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கரையில் இருந்தால், சேற்று வெளி சுருங்கச் சுருங்கக் கருவால் மூக்கனும் கோணமூக்கு உள்ளானும் கூட்டம் கூட்டமாகக் கரையை நோக்கி ஒதுங்குவதைப் பார்க்கலாம். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கே இருட்டிவிடும் என்பதால், 12 கி.மீ.க்கு மேற்பட்ட நடையை அப்போது வைக்காதீர்கள். ஈரமான மண்கரையில் மணிக்கு 3 கி.மீ. என்று கணக்கிடுவதே நியாயம்.

பயணச்சீட்டில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டு நிலையங்களும் ஒரே பாதையில் இருந்தால், தொலைவில் உள்ள நிலையத்துக்குப் போகவர எடுத்துவிட்டு, வழியில் உள்ளதில் இறங்கியோ ஏறியோ கொள்வது பொதுவாகச் செல்லும். குறிப்பிட்ட ரயிலுக்கென்று முன்பதிவு செய்த மலிவுச் சீட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. வார இறுதிகளில் பராமரிப்புப் பணிக்காகப் பாதையை மூடி மாற்றுப் பேருந்து விடுவது வழக்கம் என்பதால், முந்தின இரவே பார்த்துவிடுங்கள். மாற்றுப் பேருந்து ஓடும் நாளில் சிறு நிலையத்தை நம்பிப் போகவே வேண்டாம்.

கேட்டவருக்கு என் பரிந்துரை, பென்ஃப்ளீட்டிலிருந்து லீ-ஆன்-சீ வரை. லண்டன் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ஷூபரினெஸ் போகும் பாதையில் அடுத்தடுத்த இரு நிலையங்கள் அவை. இரண்டிலும் ரயில் அடிக்கடி நிற்பதால் திசையைப் பற்றிக்கூடக் கவலை வேண்டாம். பென்ஃப்ளீட்டில் இறங்கியதும் ஓடைக்கு அப்பால் தெரிவது கான்வி தீவு. 1953 வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த இடம். தீவின் உயர்ந்த கரையைக் கண்டபின், உச்ச ஏற்றத்தின் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே அங்குள்ள வீடுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். வழி ஒரு பக்கம் ஓடையும் மறுபக்கம் புல்மேடுமாகக் கிழக்கே போகும். மேட்டின் மேல் ஹாட்லி கோட்டையின் இடிபாடுகள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹியூபர்ட் டி பர்க் கட்டி, பின்னர் மூன்றாம் எட்வர்ட் விரிவாக்கிய அந்தக் கோட்டையைச் சாய்த்தது பகைவர் அல்லர், அதன் அடியில் நழுவிக்கொண்டே இருக்கும் லண்டன் களிமண். அதே களிமண் மழைக்குப் பின் உங்கள் காலையும் வாரிவிடும் என்பதால் பிடிப்புள்ள காலணி வேண்டும். மேலே நின்று பார்த்தால் தேம்ஸ் முகம் முழுதும் தெரியும். வற்றும் நேரத்தில் சவுத்எண்ட் துறைமேடை ஏன் 2 கி.மீ.க்கும் மேல் கடலுக்குள் நீள்கிறது என்பது அங்கே புரியும்: அவ்வளவு தூரம் போனால்தான் படகு மிதக்கத் தண்ணீர் கிடைக்கும். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் பிரென்ட் வாத்துகள் லீக்கு முன்னாலுள்ள சேற்றில் கடற்புல் மேய்வதைப் பார்க்கலாம்.

கோட்டைக்கு ஏறி இறங்குவதையும் சேர்த்து சுமார் 7 கி.மீ.; அவசரமில்லாமல் மூன்று மணி நேரம். அமாவாசை, பௌர்ணமி கழிந்த நாட்களில் பகலில் போனால் ஓடை நிரம்பியிருக்கும், அஷ்டமியை ஒட்டிப் போனால் சேறு விரிந்திருக்கும். பாதை கரை மேல் இருப்பதால் இரண்டு நாளும் நடக்கலாம், பார்ப்பதுதான் வேறு. லீ-ஆன்-சீ நிலையம் பழைய மீனவக் குடியிருப்புக்குச் சற்று மேற்கே இருப்பதால் நீங்கள் முதலில் நிலையத்தைத்தான் அடைவீர்கள். கால் இடம் கொடுத்தால் அதைத் தாண்டிப் பழைய தெரு வரை போய்விட்டுத் திரும்பி வந்து ரயிலேறுங்கள்.